பை விதையை எடுத்துப் போட்டால் ஏன் கலைகிறது? சூரியகாந்தியில் விளைச்சலும் எண்ணெயும்

பர்மாவில் பெகு பக்கத்தில் நெல் விவசாயம் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, நெல் அறுத்த பிறகு நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து சூரியகாந்தி போடுகிறோம். பை விதை விலை வருஷா வருஷம் ஏறுகிறது. அதனால் போன வருஷம் விளைந்ததிலேயே பெரிய விதையாகப் பொறுக்கி வைத்து இந்த வருஷம் விதைத்தோம். செடி ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. சில செடி கிளை கிளையாகப் போய்விட்டது, விளைச்சலும் விழுந்துவிட்டது. நல்ல விளைச்சலும் நல்ல எண்ணெயும் தருகிற வீரிய ஒட்டு விதையை நாமே உண்டாக்க முடியாதா? கம்பெனிக்காரர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?"

தம்பி, வீரிய ஒட்டு விதையை ஐந்து குடும்பம் சேர்ந்து உண்டாக்குவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் வருஷா வருஷம் நீங்களே எடுத்துப் போடக்கூடிய, எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிற சொந்த ரகம் ஒன்றை உங்களால் உண்டாக்க முடியும். சூரியகாந்தி இனப்பெருக்கப் பாத்திகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். விளைச்சலும் எண்ணெயும் செடிக்குள் இரண்டு வெவ்வேறு வழியில் வருகின்றன. அந்த வித்தியாசம் பிடிபட்டால் கம்பெனி செய்வதும் புரியும், நீங்கள் செய்யக்கூடியதும் புரியும்.

முதலில் உங்கள் வயலில் நடந்ததைப் பார்ப்போம். கடையில் வாங்குகிற பை விதை என்பது இரண்டு தனித்தனி வரிசைகளை, அதாவது பல தலைமுறை பொறுக்கி ஒரே அச்சாக்கிய இரண்டு செடி வம்சங்களை, சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. அதில் வருகிற செடி எல்லாம் ஒரே அச்சு. அந்தச் செடிகள் தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டு வைக்கிற விதை இரண்டாம் தலைமுறை. தாத்தா பாட்டி வழிக் குணங்கள் அதில் பிரிந்து பிரிந்து வெளியே வரும். சேர்க்கையால் கிடைத்த கூடுதல் வீரியத்தில் பாதி இந்த ஒரே தலைமுறையில் போய்விடும். கணக்குப்படி அப்படித்தான், வயலிலும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்.

கிளை விட்ட செடிகளுக்கும் காரணம் இதுதான். ஆண் பெற்றோராக வைக்கும் வரிசை பெரும்பாலும் கிளை விடுகிற வகை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருப்பார்கள்: ஒரு செடியில் பல சிறு பூ முன்னும் பின்னுமாக மலர்ந்தால் மகரந்தம் பல நாள் கிடைக்கும். கிளை விடுகிற குணம் ஒடுங்கு குணம் என்பதால் முதல் தலைமுறையில் தலைகாட்டாது, செடி ஒற்றைப் பூவோடு நிற்கும். இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு பங்கு செடியில் அது வெளியே வந்துவிடும். இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கலாம். சில பூவில் தேனீ உட்கார்ந்து எழுந்தாலும் மஞ்சள் தூள் ஒட்டியிருக்காது. அதுவும் நாலில் ஒரு பங்கு. அவை ஆண் மலட்டுச் செடிகள். அதன் கதை பின்னால் வருகிறது.

"பெரிய விதையாகப் பொறுக்கினோம்" என்று எழுதியிருந்தீர்கள். அது எண்ணெய்க்கு எதிரான வேலை. பெரிய விதை பெரும்பாலும் வரப்போரச் செடியிலிருந்தும், பக்கத்துச் செடி செத்துப்போய் இடம் கிடைத்த செடியிலிருந்தும் வரும். அதோடு பெரிய விதையில் தோலும் தடிமனாக இருக்கும். தேநீர்க் கடையில் கொறிக்கிற வரிவிதையை எடுத்துப் பாருங்கள், பல்லில் வைத்ததும் சட்டென்று பிளக்கிறது. தோலுக்கும் பருப்புக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடம். ஆலைக்குப் போகிற கறுப்பு விதையில் பருப்பு தோலோடு ஒட்டி நெருக்கமாக இருக்கும்.

எண்ணெய் சதவீதத்தில் பெரிய பங்கு இந்தத் தோலுக்குத்தான். தோலில் எண்ணெய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, எல்லாம் பருப்பில்தான். விதையின் எடையில் 40 சதவீதம் தோல், மீதி 60 பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பில் 55 சதவீதம் எண்ணெய் இருந்தால் முழு விதைக்கு 33 சதவீதம் வரும். அதே பருப்பைத் துளியும் மாற்றாமல் தோலை மட்டும் 25 சதவீதமாகக் குறைத்தால் முழு விதையில் எண்ணெய் 41 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு பருப்பின் எண்ணெயை 62 சதவீதத்துக்கு ஏற்றினால் 46 கடக்கும். உலகத்தில் சூரியகாந்தியின் எண்ணெய் ஏறிய வரலாறும் இதே வரிசையில்தான் நடந்தது. முதலில் தோல் மெலிந்தது, அதன் பிறகுதான் பருப்பு கொழுத்தது.

அந்த வரலாற்றில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. இந்தச் செடியின் சொந்த ஊர் வட அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அழகுச் செடியாகப் போனது. எண்ணெய்ப் பயிராக அது தலையெடுத்தது ரஷ்யாவில். அங்கே கிராஸ்னதாரில் 1912இலிருந்து பல பத்தாண்டுகள் உட்கார்ந்து வேலை செய்தவர் புஸ்தவோய்த். 30 சதவீதத்துச் சொச்சம் எண்ணெய் இருந்த பயிரை 50 சதவீதம் வரைக்கும் கொண்டுபோனவர் அவர். அவர் காலத்து ரகங்களில் பெரதோவிக் உலகம் முழுக்கப் பரவியது. 1969ஐ ஒட்டி இந்தியா எண்ணெய்க்கென்று சூரியகாந்தி பயிரிடத் தொடங்கியபோது வந்த ரஷ்ய ரகங்களில் அதுவும் உண்டு. அவர் வீரிய ஒட்டுச் செய்யவில்லை. தேனீயும் காற்றும் விட்ட வழியில் சேர்ந்த விதையிலிருந்தே பொறுக்கிப் பொறுக்கி இதைச் சாதித்தார். உங்களுக்கு நான் சொல்லப்போகும் வழியும் அவருடையதுதான்.

அவர் பொறுக்கியே சாதித்ததற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் அளவை முடிவு செய்கிற மரபணுக்கள் பெரும்பாலும் கூட்டல் கணக்கில் வேலை செய்கின்றன. அப்பனிடம் கொஞ்சம், ஆத்தாளிடம் கொஞ்சம் என்று வந்து பிள்ளை ஏறக்குறைய நடுவில் நிற்கும். நல்லதை நல்லதோடு சேர்த்துக்கொண்டே போனால் ஏறிக்கொண்டே போகும், ஒரு வருஷம் ஏறியது அடுத்த வருஷம் கலைந்து போகாது. விளைச்சல் அப்படி இல்லை. அது மண், தண்ணீர், வெயில் எல்லாவற்றுக்கும் ஆடுகிற குணம். ஒரு செடி நன்றாகக் காய்த்தது பிறவிக் குணத்தாலா, அது நின்ற இடத்தாலா என்று ஒற்றைச் செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் உச்சம் கிடைப்பதும் தூரத்து உறவான இரண்டு வரிசைகள் சேரும்போதுதான். அந்த ஏற்றத்தைத்தான் ஒட்டு வீரியம் என்கிறோம். நன்றாக அமைந்த வீரிய ஒட்டு, பழைய பொது ரகத்தைவிட 20, 25 சதவீதம் கூடுதலாகக் காய்ப்பது வழக்கம்.

அதனால் வீரிய ஒட்டில் எண்ணெய் கூட வேண்டுமானால் அப்பன், ஆத்தாள் இரண்டு பக்கமும் எண்ணெய் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 48, மறுபக்கம் 34 என்றால் பிள்ளை 41க்குப் பக்கத்தில்தான் நிற்கும். விளைச்சலுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. தனியாகப் பார்த்தால் முழங்கை உயரத்தில் நோஞ்சானாக நிற்கிற இரண்டு வரிசை சேர்ந்து, ஆள் உயரத்துக்கு மேலே போய்த் தட்டுத் தட்டாகக் காய்க்கும். எந்த இரண்டு சேர்ந்தால் அப்படி வரும் என்பது சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, கம்பெனியும் ஆராய்ச்சிப் பண்ணையும் செய்கிற வேலைக்கு வருவோம்.

சூரியகாந்தியின் பூ என்று நாம் சொல்வது ஒரு பூ இல்லை. தட்டில் ஆயிரம், இரண்டாயிரம் சிறு பூக்கள் வட்ட வட்டமாக அடுக்கியிருக்கும். வெளி வட்டத்திலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து நாலு வட்டம் வரை மலர்ந்துகொண்டே போகும். முழுத் தட்டும் மலர்ந்து முடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒவ்வொரு சிறு பூவும் அதிகாலையில் மகரந்தப் பைக் குழாயை வெளியே நீட்டும். உள்ளே வெடித்த மகரந்தத்தைச் சூல்தண்டு கீழிருந்து தள்ளிக்கொண்டு மேலே வரும். மறுநாள்தான் அதன் நுனி இரண்டாகப் பிரிந்து சுருண்டு, அடுத்த பூவின் மகரந்தத்துக்குத் தயாராகும். ஒரு நாள் ஆண், மறுநாள் பெண். அது போதாதென்று பல செடிகளில் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத குணமும் உண்டு. அயல் மகரந்தத்துக்காகவே அமைந்த செடி.

கையால் ஒட்டுச் சேர்க்க வேண்டுமானால், மகரந்தம் கொட்டுவதற்கு முன்பு விடியற்காலையில் போய், அன்றைக்கு நீட்டியிருக்கிற வட்டத்தின் கருமையான மகரந்தக் குழாய்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். குனிந்தபடி அரைமணி நேரம் பிடுங்கினால் விரலெல்லாம் பிசின் ஒட்டும். பிடுங்கி முடித்து, தப்பி விழுந்த தூள் போக மெல்லத் தண்ணீர் தெளித்து, துணிப் பை கட்டிவிட்டு வர வேண்டும். நாளைக் காலையில் அடுத்த வட்டம். ஒரே தட்டுக்கு இத்தனை காலை. மொட்டுப் பருவத்தில் ஜிப்ரலிக் அமிலம் தெளித்து மகரந்தத்தை மலடாக்குகிற வழியும் உண்டு. ஆராய்ச்சிக்கு ஐம்பது, நூறு விதை எடுக்க இதெல்லாம் சரி. ஏக்கர் கணக்கில் விதைக்க விதை வேண்டுமென்றால் நடக்காது.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் பிரான்சின் பத்ரிஸ் லெக்லேர். காட்டுச் சூரியகாந்தி இனம் ஒன்றோடு பயிர்ச் சூரியகாந்தியைச் சேர்த்ததில் மகரந்தமே வைக்காத செடி ஒன்றைக் கண்டெடுத்து 1969இல் வெளியிட்டார். அந்த மலட்டுத்தன்மை உட்கருவில் இல்லை, தாய் வழியாக மட்டும் போகிற மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் கின்மன் அந்த மலட்டை மாற்றி மகரந்தத்தை மீட்டுக் கொடுக்கிற மரபணுவைக் கண்டுபிடித்தார். பூட்டும் சாவியும் கிடைத்துவிட்டது. 1972இல் அமெரிக்காவில் இந்த வழியில் வந்த வீரிய ஒட்டுகள் விதைப்புக்கு வந்தன. 1980இல் பெங்களூரிலிருந்து பி.எஸ்.எச். 1 வந்தது. பிறகு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் தன் ஒட்டுகளை வெளியிட்டது.

வயலில் இது மூன்று வரிசையாக நடக்கிறது. ஏ வரிசை மகரந்தம் இல்லாத பெண். பி வரிசை எல்லாவற்றிலும் ஏ மாதிரியேதான், ஆனால் மகரந்தம் வைக்கும். ஏ வரிசையை வருஷா வருஷம் பெருக்கிக்கொள்ள அதுதான் ஆண். ஆர் வரிசை மீட்பு மரபணு உள்ளது, பை விதைக்கு ஆண். ஏ வரிசைக்கும் ஆர் வரிசைக்கும் மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று பாத்தி போட்டு, நடுவில் தேனீப் பெட்டி வைத்து, ஏ வரிசையில் விளைகிற விதையை மட்டும் அறுவடை செய்வார்கள். அந்த விதையை நீங்கள் விதைத்தால், ஆர் கொடுத்த மீட்பு மரபணுவால் எல்லாச் செடியும் மகரந்தம் வைக்கும். அதிலிருந்து நீங்கள் விதை எடுத்தால் நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு இல்லாமல் போகும். தாய் வழி மலடு மட்டும் எல்லாச் செடியிலும் இருக்கிறது. நான் மேலே சொன்ன தூள் இல்லாத பூக்கள் அவைதான்.

இன்றைக்கு உலகத்து வீரிய ஒட்டுகள் ஏறக்குறைய அத்தனையும் லெக்லேர் எடுத்த அந்த ஒரே மலட்டுத் தாய் வழியின் மேல்தான் நிற்கின்றன. 1970இல் அமெரிக்க மக்காச்சோளம் இப்படி ஒரே மலட்டுத் தாய் வழியை நம்பி இருந்தபோது ஓர் இலைக் கருகல் நோய் வந்து நாட்டையே ஆட்டிவைத்தது. சூரியகாந்தியில் வேறு மலட்டு மூலங்களும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், புழக்கத்துக்கு வந்தது குறைவு. எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

இதில் கஷ்டம் எங்கே என்றால் நல்ல ஏ, பி, ஆர் வரிசைகளை உண்டாக்குவதில். ஒரு செடியை அதன் மகரந்தத்தாலேயே ஆறு, ஏழு தலைமுறை சேர்த்தால்தான் வரிசை ஒரே அச்சாகும். தன் மகரந்தத்தை ஏற்காத செடியைக் கட்டாயப்படுத்துகிற வேலை இது. தலைமுறைக்குத் தலைமுறை செடி மெலியும், பாதி வரிசை வழியிலேயே போய்விடும். மிஞ்சியதைச் சோதனை ஆண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வரிசை யாரோடு சேர்ந்தாலும் நன்றாக வருகிறது, எது குறிப்பிட்ட ஒன்றோடு மட்டும் அபாரமாக வருகிறது என்று பிரிக்க வேண்டும். தேறிய பி வரிசையை ஏ ஆக மாற்ற இன்னும் ஐந்து, ஆறு தலைமுறை திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். பிறகு பல ஊரில், பல வருஷம் வயல் சோதனை. நூற்றுக்கணக்கில் வரிசை எடுத்தால் விரல் விட்டு எண்ணுகிற அளவு தேறும். பத்து வருஷ வேலை. முதிராத கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து ஒரு வருஷத்தில் மூன்று, நாலு தலைமுறை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் சூரியகாந்தியின் மரபணுத் தொகுப்பு முழுதாக வெளிவந்த பிறகு, நாற்றிலேயே இலையைக் கிள்ளிச் சோதித்துக் கழிப்பதும் சுலபமாகியிருக்கிறது. வருஷம் குறைந்திருக்கிறது, செலவு குறையவில்லை.

எண்ணெயை அளப்பதிலும் ஒரு சூட்சுமம். பழைய முறையில் விதையை அரைத்துக் கரைப்பானில் எண்ணெய் இறக்குவார்கள். அளவு சரியாக வரும், விதை போய்விடும். காந்த அதிர்வுக் கருவி வந்த பிறகு விதையை உடைக்காமலே அளந்து, நல்லதை அப்படியே மண்ணில் போட முடிகிறது. ஒரு தட்டின் விதையை அளந்த கையோடு விதைக்கலாம் என்பது இந்தத் தொழிலில் பெரிய விடுதலை.

இன்னொரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. விதையின் தோல் தாய்ச் செடியின் உடம்பு. உள்ளே இருக்கிற பருப்புத்தான் பிள்ளை. பையில் நீங்கள் வாங்கும் விதையின் தோல் ஏ வரிசையின் தோல். அதைப் பார்த்து உங்கள் வயலில் விளையப்போவது தடித்த தோலா மெல்லிய தோலா என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் வயலில் அறுக்கிற விதைக்குத் தோல் கொடுப்பது ஒட்டுச் செடி. பை விதை வரி வரியாக இருக்கிறது, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நோய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிச்சாம்பல் நோய்க்கும் துருவுக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைக்கின்றன, காட்டு இனங்களிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மழைக்காலத்தில் இலையைக் கருக்குகிற ஆல்டர்னேரியாவுக்கு உறுதியான எதிர்ப்பு இன்னும் கைக்கு வரவில்லை. நீங்கள் நெல்லுக்குப் பிறகு வறண்ட காலத்தில் போடுவதே அதற்கு நல்ல காப்பு. ஒலீயிக் அமிலம் மிகுந்த ரகங்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970களில் ரஷ்யாவில் சொல்தாதோவ் விதையில் மாறுதல் உண்டாக்கி எடுத்தது அது. பொரிக்கப் பொரிக்கக் கெடாத எண்ணெய். ஆலை தனி விலை கொடுத்து வாங்கினால் ஒழிய உங்களுக்கு அதில் லாபம் இல்லை.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன்.

முதலில் எதைக் கூட்ட வேண்டும் என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு எத்தனை எண்ணெய் என்பதுதான் கணக்கு. 42 சதவீதம் எண்ணெயுள்ள ரகம் 600 கிலோ காய்த்தால் எண்ணெய் 252 கிலோ. 38 சதவீதமுள்ளது 750 கிலோ காய்த்தால் 285. சதவீதத்தை மட்டும் துரத்தினால் ஏமாந்து போவோம். அதிலும் ஆலைக்காரர் 32 ராத்தல் கூடைக்கு ஒரே விலை கொடுத்துவிட்டு எண்ணெயைக் கணக்கில் எடுக்காவிட்டால், உங்களுக்கு முதலில் விளைச்சல், அடுத்துத்தான் எண்ணெய். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ நீங்களே ஆட்டி விற்றால் இரண்டும் உங்கள் பணம்.

உங்கள் ரகத்துக்கு மூல விதை வேண்டும். யெசினில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சித் துறையிலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ வீரிய ஒட்டு அல்லாத பொது ரக எண்ணெய் விதை கேளுங்கள். மூன்று, நாலு மூலம் கிடைத்தால் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். ஒரே பை விதையிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள், அடித்தளம் குறுகிவிடும். கொறிக்கிற வரிவிதை அக்கம்பக்கத்து வயலில் இருந்தால் கிட்டவே போக வேண்டாம், தேனீ அந்தத் தடித்தோலை உங்கள் விதைக்குள் கொண்டுவந்து வைத்துவிடும்.

முதல் வருஷம் இந்தக் கலவையை இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில், எல்லாச் செடிக்கும் ஒரே இடம் கிடைக்கிற மாதிரி போடுங்கள். அறுவடைக்கு முன் வரப்போரத்தை விட்டுவிட்டு உள்ளே நடந்து 150, 200 தட்டைக் கட்டிக் குறியுங்கள். ஒற்றைப் பூ, பூத்தபோது மகரந்தம் கொட்டியது, துரு இல்லாத இலை, நடு மையம் வரை நிரம்பிய தட்டு, கொஞ்சம் தலை கவிழ்ந்த நிலை. வானத்தைப் பார்த்து நிமிர்ந்த தட்டில் கிளி வந்து உட்கார்ந்து சாவகாசமாகத் தின்னும். மையத்தில் பொக்கு விதை அதிகமாக இருக்கிற தட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பெரிய தட்டைவிட நிரம்பிய தட்டுத்தான் எடை கொடுக்கும்.

ஒவ்வொரு தட்டையும் தனியாக அடித்து, எண் போட்டு, விதையை இரண்டு உறையில் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பிறகு தோல் சோதனை. 100 விதை எண்ணி, நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசில் நிறுங்கள். எண்ணெய் விதைக்கு நாலிலிருந்து ஆறு கிராம் வரும். உட்கார்ந்து தோலை உரித்து, தோலை மட்டும் நிறுங்கள். தோல் எடையை மொத்த எடையால் வகுத்தால் தோல் சதவீதம். விதை எல்லாம் ஒரே அளவு காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கணக்கைக் கெடுக்கும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் 150 தட்டு முடிந்துவிடும். 30 சதவீதத்துக்கு மேல் தோல் உள்ளதைக் கழித்துவிடலாம். 20க்குக் கீழே போவதையும் கண்மூடித்தனமாகப் பிடிக்காதீர்கள், தோல் ரொம்ப மெலிந்தால் அடிக்கும்போதே உடைந்து, மூட்டையில் எண்ணெய் சிக்கெடுத்துவிடும். ஆய்வகம் எதுவும் இல்லாமல் எண்ணெயைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. கடைசியில் மிஞ்சுகிற பத்திருபது தட்டுக்கு மட்டும் ஆய்வகத்தில் எண்ணெய் அளந்து வாங்குங்கள்.

இரண்டாம் வருஷம் ஒவ்வொரு தட்டின் முதல் உறையை ஒரு சாலாக விதைத்து, பத்துச் சாலுக்கு ஒரு சால் பை விதை போடுங்கள். எந்தத் தாயின் பிள்ளைகள் கூட்டமாக நன்றாக இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும். ஒற்றைச் செடியைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பிள்ளைகளின் சால் சொல்லிவிடும். இந்தச் சால்களில் விளைந்த விதையை மறுபடி விதைக்காதீர்கள், மோசமான சால்களின் மகரந்தமும் அதில் கலந்திருக்கும். ஆலைக்கு அனுப்பிவிடுங்கள். மூன்றாம் வருஷம், தேறிய இருபது, இருபத்தைந்து தாய்களின் இரண்டாவது உறையை எடுத்துக் கலந்து தனி இடத்தில் விதைத்தால், நல்லது நல்லதோடு மட்டும் சேரும். அதில் விளைவதுதான் உங்கள் ரகத்தின் முதல் விதை. புஸ்தவோய்த் பாதி விதையைக் கையிருப்பாக வைத்ததும் இதற்காகத்தான். இருபது தாய்க்குக் கீழே குறைக்காதீர்கள், உறவுக்குள் உறவு சேர்ந்து செடி மெலியும். பிறகு இதே சுற்றை மறுபடி ஓட்டலாம். பை விதையின் விளைச்சலை இது எட்டாது. ஆனால் எடுத்துப் போட்டால் கலையாது, விதைக்குக் காசும் போகாது. நல்ல வயலில் பை விதையும், செலவு தாங்காத வயலில் உங்கள் விதையுமாகப் போடலாம். விதையை வெளியில் விற்க ஆரம்பித்தால் விதைச் சட்டமும் உரிமமும் வந்துவிடும், குழுவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைகளைப் பத்திரமாக வைப்பது நம் ஊரில் பெரிய சோதனை. மழைக்கால ஈரத்தில் எண்ணெய் விதை சீக்கிரம் உயிர் விடும். நன்றாகக் காயவைத்து, மூடி இறுகிய டின்னில், அடியில் காய்ந்த கரி போட்டு வையுங்கள். அறுத்த உடனே முளைப்புச் சோதனை செய்து பயப்பட வேண்டாம், புது விதைக்கு ஒன்றரை மாதம் வரை உறக்கம் உண்டு.

ரகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு விஷயம் எண்ணெயைக் கெடுக்கும். ஒன்று தாமத விதைப்பு. நெல் அறுத்ததும் ஈரம் இருக்கும்போதே நவம்பரில் போட்டால் விதை முற்றுவது குளிர் கழிகிற சமயம். டிசம்பர் கடைசி வரை இழுத்தால் விதை நிரம்புகிற நாட்கள் மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும், எண்ணெயும் குறையும், மையமும் பொக்காகும். இன்னொன்று அளவுக்கு மீறிய யூரியா. செடி கருகருவென்று இருக்கும், எண்ணெய் இறங்கும். மஞ்சள் இதழ் விரிகிற சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துத் தட்டில் படும்படி தெளித்தால் மையம் நிரம்ப உதவும். பூத்திருக்கிற வாரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், தேனீ போனால் விளைச்சல் போனது.

உங்களுக்கு நிஜமாகவே இடிக்கப்போவது தனி இடம். மூன்றாம் வருஷத்துப் பாத்திக்கு அக்கம்பக்கத்தில் 400 மீட்டருக்குள் வேறு சூரியகாந்தி பூத்திருக்கக் கூடாது, தூரம் கூடினால் இன்னும் நல்லது. பெகு பக்கம் வயலுக்கு வயல் போடுகிற இடத்தில் அது கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் குறுகிய கால நெல் போட்டுச் சீக்கிரம் அறுத்த வயலில், மற்றவர்களுக்கு ஒரு மாதம் முன்னதாக விதைத்துவிடுங்கள், பூக்கும் காலம் ஒன்றோடொன்று இடிக்காது. அதுவும் முடியாவிட்டால், தாய்க்கு நாலு செடி வீதம் நூறு செடியை மஞ்சள் இதழ் விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப் பையால் கட்டிவிடுங்கள். பூத்த பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை எட்டிலிருந்து பத்துக்குள் பைகளைத் திறந்து, எல்லாத் தட்டின் மகரந்தத்தையும் ஒரு காகிதத்தில் தட்டிக் கலந்து, அந்தக் கலவையை மெல்லிய தூரிகையால் எல்லாத் தட்டிலும் தடவி உடனே கட்டிவிட வேண்டும். நடு வட்டம் மலர்ந்து முடிகிற வரை இதைச் செய்தால் நூறு தட்டிலிருந்து அடுத்த வருஷத்து ஐந்து குடும்பத்து விதைப் பாத்திக்கு வேண்டிய விதை வந்துவிடும்.